வேதமுத்து காலி செய்யாத நாற்காலி

சத்தியமாகச் சொல்கிறேன், தலையில் அடித்துச் சொல்கிறேன், வைப்பாற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தி ஊர் கேட்கச் சொல்வேன், ஆற்றில் தண்ணீர் இல்லாததால் மணலை ஏந்திச் சொல்கிறேன்: இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து கால் கிலோ காராச்சேவு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். நம்புகிறவர்களும் அப்படியொன்றும் எனக்கு அவசியமில்லை. ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

சாத்தூரில் தண்டவாளத்துக்கு மேற்கே, ஒரு காலத்தில் பஞ்சு அரைத்த கொட்டகையில் உட்கார்ந்து நாங்கள் ஆறு பேர் கம்ப்யூட்டரின் அடிவயிற்றை எழுதிக்கொண்டிருந்தோம். அடிவயிறு என்றால் திரையில் நீங்கள் பார்க்கிற படமும் எழுத்தும் இல்லை. அதற்கெல்லாம் கீழே கிடந்து, யாருக்கு எவ்வளவு நினைவிடம் கொடுப்பது, கொடுத்ததை எப்போது திரும்ப வாங்குவது, வாங்கிய இடத்தில் அடுத்து யாரை வைப்பது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிற கெர்னல் என்கிற சமாச்சாரம். புரியாவிட்டால் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாப்பிட்டு எழுந்துவிட்டார், இலையை எடுத்தாயிற்று, இடம் காலி. ஆனால் ரசவாளியோடு அடுக்களையை விட்டுக் கிளம்பிவிட்டவன் கண்ணில் அந்த இடமும் அந்த ஆளும் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு இலைக்கும் நின்று அனுமதி கேட்டு, பூட்டித் திறந்து பரிமாறினால் பந்தி பொழுது சாய்ந்தாலும் முடியாது என்பதால் எல்லோரும் பூட்டில்லாமல்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவசரப்பட்டு அந்த இடத்தில் அடுத்த ஆளை உட்கார வைத்தால் எழுந்து போனவர் கேட்ட ரசம் வந்தவரின் பாயசத்தில் விழும். அதனால் முதலில் அந்த இடத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், புதிதாக யாரும் அதைத் தேடிக் கிளம்பக் கூடாது. ஏற்கெனவே கிளம்பிவிட்ட ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது வாளியைக் கீழே வைத்து வெறுங்கையோடு நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் புது இலை.

அந்தக் காத்திருப்பை எழுதியவர் வேதமுத்து. பதினெட்டு வருஷம் அவர் வேறெதையும் எழுதவில்லை. யார் இன்னும் கையில் வைத்திருக்கிறார்கள், யார் விட்டுவிட்டார்கள், இன்னும் எத்தனை பேர் என்று எண்ணி எண்ணி, எண்ணுவதற்கே பிறந்தவர்போல முதுகு வளைந்து, ஐம்பத்தாறு வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்குக் கீபோர்டில் தலையைச் சாய்த்தார். திரை முழுக்க ஒரே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அலுப்பில் கண்ணசந்துவிட்டார் என்று நினைத்து, எழுப்ப மனமில்லாமல் அரைமணி நேரம் நாங்கள் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை அடக்கம். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நாங்கள் கொட்டகையைத் திறந்தபோது வேதமுத்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

யாரும் அலறவில்லை. டீக்கடைக் குருவையா டீ கொண்டுவந்து ஆறு பேருக்கும் வைத்துவிட்டு, பழக்கத்தில் ஆறு கொண்டுவந்தது சரியாகப் போயிற்று என்று சொன்னான். அன்றைக்குத்தான் முதல்முதலாக எங்கள் வாசலுக்கு வந்த கூரியர்காரர் அந்த நாற்காலிமேல் பார்சலை வைக்கப் போனார், நாங்கள் பாய்ந்து தடுத்தோம். அவர் கண்ணுக்கு அது காலி. அப்போதே எங்களுக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஆபீசுக்குப் பெரியவரான சீனிராஜ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, புதிதாகக் கேட்பதற்கு ஒன்றுமில்லாத குரலில் சொன்னார்: "பட்டியல்ல இருந்து எடுத்தாச்சு. புதுசா வாரவன் கண்ணுக்குத் தெரிய மாட்டார். முன்னாலேயே பிடிச்சு வச்சிருக்கவங்க இன்னும் கையை விடலை. கடைசி ஆள் விடுற வரைக்கும் அவரு போக முடியாது."

வேதமுத்து ஆமாம் என்று தலையை ஆட்டினார். பிறகு, செத்தவனுக்கும் முதுகு வலிக்கும் என்று ஒருத்தராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். முதல் வாரம் கொட்டகைக்கு முன்னால் சைக்கிளும் பைக்கும் நிற்க இடமில்லை. அவரிடம் குடையை வாங்கிப்போய்த் திருப்பித் தராதவர் குடையோடு வந்தார். வடக்குத்தெருவில் ஒரு வேப்பமரக் கிளைக்காகப் பதினோரு வருஷம் பேசாமலிருந்த பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து, கிளையைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். வெளியே போய்த் திரும்பிப் பார்த்தால் அவர் கண்ணுக்கு நாற்காலி காலியாகத் தெரிந்தது. சர்ச்சிலிருந்து சபை ஐயர் வந்து, அடக்க ஆராதனையை இன்னொரு தரம் நடத்தத் தேவையில்லை, முதலில் செய்ததே செல்லும் என்று சொல்லி ஜெபித்துவிட்டுப் போனார். இறப்புச் சான்றிதழ் எழுதுகிற நகராட்சிக் கிளார்க் சம்பந்தப்பட்டவரையே நேரில் பார்த்து எழுத்துப்பிழை சரிபார்க்கக் கிடைத்த முதல் வாய்ப்பு என்று சந்தோஷப்பட்டு, தகப்பனார் பெயரில் ஒரு கால் போட்டுத் திருத்திக்கொண்டார். இரண்டாம் வாரம் முடிவதற்குள் ஊருக்குச் சலித்துவிட்டது. அதிசயத்துக்கு எங்கள் ஊரில் பத்து நாளைக்குமேல் ஆயுள் கிடையாது.

விடுவது என்றால் மறப்பது இல்லை. ஒரே ஒரு கணம், கையிலும் மனசிலும் அவர் இல்லாமல் ஒருத்தர் நின்றுவிட்டால் போதும், கணக்கில் அவர் கழிந்துவிடுவார். சீனிராஜுக்கு அது கெண்டைமீன் முள் தொண்டையில் சிக்கிய நேரத்தில் நடந்தது. முள் இறங்கி, ஒரு உருண்டை சோறும் இறங்கி, மறுநாள் வந்து பார்த்தால் வேதமுத்து இல்லை. குருவையாவுக்குப் பால் பொங்கியபோது. எனக்கு ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், நூறு ஜோடிச் செருப்பில் என் இடதுகால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது. அதற்கப்புறம் வேதமுத்து சொன்னது எதுவும் என் காதுக்கு நேராக வந்ததில்லை. எல்லாம் அவர் சம்சாரம் கனகபுஷ்பத்தின் வாய்வழியாகத்தான். ஊரில் கடைசியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த அம்மாள் ஒருத்தர் மட்டுமே.

மதியம் ஒரு மணிக்குக் கேரியரோடு கனகபுஷ்பம் வருவார். சோற்றைப் பிரித்து எதிரே வைப்பார், பேசுவார், பதிலைக் கேட்டுச் சிரிப்பார், பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டே மேஜையில் தலைவைத்து உறங்கிவிடுவார். கையில் பிடித்துக்கொண்டு உறங்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. உறங்குகிறவர் எப்போது விடுவார் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. சீனிராஜ் ஒருநாள் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். கனகபுஷ்பத்துக்குக் கோபம் வரவில்லை. "நானும் விடத்தான் பாக்கேன் அண்ணாச்சி," என்றார். "வெங்காயம் உரிக்கையில விடலாம்னு பாத்தா, வெங்காயத்தைப் பொடுசா அரியச் சொல்லுத அவுக சத்தம்தான் கேக்கு. குழாய்ல தண்ணி பிடிக்கையில விடலாம்னு பாத்தா குடம் நிறைஞ்சிருது. எனக்கும் ஏலலை. அவுகளுக்கும் ஏலலை. ரெண்டு பேருமே அசந்துபோனோம்."

வேதமுத்துவின் நிலைமையும் நன்றாயில்லை. எழுந்து நிற்க முடியாது, படுக்க முடியாது, பசியில்லாத வாய்க்கு முன்னால் தினமும் சோறு. போய்ச் சேர்ந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று கனகபுஷ்பத்திடமே சொல்லிவிடச் சொன்னாராம். அதையும் அந்த அம்மாள்தான் எங்களிடம் வந்து, குரல் மாறாமல் சொன்னார்.

இந்தச் சமயத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: காலியான இடத்தை இந்த மாதத்துக்குள் நிரப்பாவிட்டால் அந்த இடமே ரத்து. நிரப்புவதற்கு ஆளையும் அனுப்பிவிட்டார்கள். ஹமீதா, கடையநல்லூர்ப் பெண், இருபத்தைந்து வயது, கண்ணாடி போட்டவள், கேள்வியைச் சிக்கனமாகக் கேட்கிறவள். அவள் கண்ணுக்கு நாற்காலி காலி. நாங்கள் அவளைப் பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தோம். மூன்று நாள் பார்த்துவிட்டு, ஆளில்லாத நாற்காலிக்கு ஐந்து பேர் காவலா என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னோம். அப்படியானால் அவர் இறங்கும்வரை ஸ்டூல் போதும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். கெர்னல் எழுதுகிற பெண் அப்படித்தான் சொல்வாள்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கையில் வேதமுத்துவே ஒரு வழி சொல்லியனுப்பினார். காத்திருப்பு ஒரு வழி, ஆனால் அது ஒன்றுதான் வழி என்று இல்லை. கடைசி ஆள் விடுவதற்கு முன்பே இடத்தைக் கொடுத்துவிடலாம். இரண்டு நிபந்தனை. ஒன்று, ஆள் இருந்த இடத்தில் ஆளைத்தான் வைக்க வேண்டும், பீரோவை வைக்கக் கூடாது. பழைய நினைப்பில் ஒருவர் கையை நீட்டினால் அந்த இடத்தில் ஏதோ ஒரு கை இருக்க வேண்டும், தகரத்தில் போய் இடிக்கக் கூடாது. இரண்டு, கையைப் பிடிக்கிறவர் பேரைக் கேட்க வேண்டும். தேடி வந்த பேராயிருந்தால் சரி. வேறு பேராயிருந்தால் விட்டுவிட்டு, வாசலுக்குப் போய், முதலிலிருந்து தேட வேண்டும். அவ்வளவுதான்.

இதைக் கனகபுஷ்பத்துக்கு விளக்கி ஒழுங்குபண்ணிக் கொடுக்கிற பொறுப்பு ஒரு ஆளிடம் வந்தது. அந்த ஆள் மரியாதை தெரிந்தவன். பேரைக் கேட்காமல் ஒரு மனுஷர் கையைப் பிடிப்பது என்ன பண்பு என்று நினைத்தான். முதலில் பேரைக் கேளுங்கள், பிறகு போய்க் கையைப் பிடியுங்கள் என்று வரிசைப்படுத்திக் கொடுத்தான். ஐந்து பேருக்கும் அது சரியாகத்தான் பட்டது. சாத்தூரில் பொண்ணு பார்க்கப் போனாலும் அதுதான் வரிசை.

வெள்ளிக்கிழமை ஒரு மணி. கனகபுஷ்பம் வாசலில் நின்று, உள்ளே பார்த்து, பேர் என்னங்க என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது, பதில் வந்துவிட்டது, சரியான பேர்தான் வந்தது. இடத்தைக் கொடுத்துவிடலாம் என்று ஆகிவிட்டதால், பதில் சொன்ன அலுப்பிலேயே வேதமுத்து எழுந்துவிட்டார் போலிருக்கிறது, நாற்காலி ஒரு கிரீச் விட்டது, நாங்கள் ஜாடை காட்ட ஹமீதா போய் உட்கார்ந்தாள். இதெல்லாம் கனகபுஷ்பம் குனிந்து செருப்பைக் கழற்றி, கேரியரை இடதுகைக்கு மாற்றி, நாலு எட்டு எடுத்து வைப்பதற்குள் முடிந்துவிட்டது. வந்தவர் ஹமீதாவின் கையைப் பிடித்தார். பேரைத்தான் கேட்டாயிற்றே, சந்தேகப்பட என்ன இருக்கிறது? எதிரே உட்கார்ந்து, கேரியரைத் திறந்து, "சாப்பிடுங்க, ஆறிப்போகும்," என்றார்.

பதினொரு நாள் அப்படிப் போனது. ஹமீதா முதல் நாளே, பெரியம்மா, நான் ஹமீதா என்று சொன்னாள், இரண்டாம் நாள் சத்தமாகச் சொன்னாள், மூன்றாம் நாள் அடையாள அட்டையைக் காட்டினாள். கேட்டு முடித்த கேள்விக்கு இரண்டாவது பதிலை எந்தக் காது வாங்கும்? நாலாம் நாள் ஹமீதாவுக்கு முதுகு வலித்தது. ஆறாம் நாள், பூட்டிக்கிடந்த இரும்பு அலமாரியின் மாற்றுச்சாவி காலண்டருக்குப் பின்னால் தொங்குவதை யாரும் சொல்லாமல் எடுத்தாள். எட்டாம் நாள், காத்திருப்புக்கு வேதமுத்து எழுதுகிற அதே ஒற்றெழுத்துப் பிழையோடு குறிப்பு எழுதினாள். கடையநல்லூரிலிருந்து அவள் உம்மா போன் பண்ணி, இந்தப் பக்கத்துக் குரலைக் கேட்டுவிட்டு, ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். வேதமுத்துவும் போகவில்லை, ஹமீதாவும் முழுசாக வரவில்லை, ஒரு நாற்காலியில் இரண்டு பேரின் களைப்பு உட்கார்ந்திருந்தது. வேறெங்கும் இருக்க வழியில்லாமல் அந்த மனுஷர் இந்தப் பெண்ணுக்குள் நின்றுகொண்டிருந்தார்.

பதினொன்றாம் நாள் காலை அவள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தாள். 'வேத' என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, என் பேரு என்ன?"

சொன்னேன். அவள் அதை அந்நியர் முகவரியைக் கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டுக்கொண்டாள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. வேதமுத்து எழுதிய பழைய கோப்பைத் திறந்து வரிவரியாகப் போனேன், எங்கே தப்பியது, எங்கே தப்பியது என்று. ஆயிரத்துச் சொச்சம் வரி தாண்டி அந்த இடம் வந்தது. பேரைக் கேட்பது இருந்தது. ஆனால் அதற்கு ஒரு வரி மேலே கையைப் பிடிப்பது இருந்தது. முதலில் பிடி. பிடித்த பிடியை விடாமல் கேள். பிடித்த கையை உதறிக்கொண்டு யாரும் எழுந்து போக முடியாது. கேட்டுவிட்டுப் பிடிக்கப் போனால், நடுவில் நாலு எட்டுத் தூரம் இருக்கிறது. ஒரு மனுஷன் மாறிப்போக நாலு எட்டுத் தாராளம்.

சீனிராஜும் நானும் வடக்குத்தெருவுக்குப் போய்க் கனகபுஷ்பத்திடம் சொன்னோம். கேட்கும்போது அரிசி களைந்துகொண்டிருந்தார். முழுக்கச் சொல்லி முடித்தபின்பும் களைந்துகொண்டேயிருந்தார். பிறகு, கையைப் பிடித்தபடி என்னவென்று கேட்க வேண்டும் என்று கேட்டார். பேர் என்ன என்று மொட்டையாகக் கேட்டால் போதாது, தேடி வந்த பேரை நீங்கள் சொல்லி, நீங்கள் அவர்தானா என்று கேட்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒன்றா என்று தட்டிப்பார்க்க முடியும் என்றேன்.

"அவுக பேரை நான் சொல்லணுமா?" என்றார் கனகபுஷ்பம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பத்தொரு வருஷத்தில் அந்த அம்மாள் அந்தப் பேரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கோயில் ஜெபத்தில்கூட 'எங்க வீட்டுல' என்றுதான் சொல்வார். ரேஷன் கடையில் கேட்டால் கார்டைத் திருப்பிக் காட்டுவார். தபால்காரருக்கு வேதாகமத்தைக் காட்டி, முதல் பாதி இதில் இருக்கிறது, மறுபாதி கடலில் இருக்கிறது என்று ஜாடை சொல்வார்.

"சொன்னா அவுக போயிருவாகளா?"

"போயிருவார்," என்றார் சீனிராஜ். "அந்தப் பிள்ளையும் பிழைக்கும்."

அரிசி களைந்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு வந்தார். "ரொம்பக் களைச்சுட்டாக," என்றார், யாரிடமும் இல்லாமல். "முகத்தைப் பாத்தாலே தெரியுது."

மறுநாள் ஒரு மணிக்கு வந்தார். வாசலில் நின்று எதையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினார், கேரியரைக் கீழே வைத்தார், நேராகப் போய் ஹமீதாவின் வலதுகையை இரண்டு கையாலும் பிடித்தார். அவர் உதடு இரண்டு தடவை அசைந்து நின்றது. மூன்றாவது தடவை, ஊரிலேயே முதல்முறையாக அந்தப் பேரை உச்சரிக்கிறவர்போல, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

"நீங்க வேதமுத்துவா?"

ஹமீதாவின் வாய் திறந்து, வேறொரு குரலில் பெருமூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது, ஒரு ஆள் நாள்முழுக்கச் சுமந்த மூட்டையைக் கடைசிப் படியில் இறக்கும்போது வருகிற மாதிரி. அப்புறம் அவள் முதுகு நிமிர்ந்தது. "இல்ல, பெரியம்மா," என்றாள். "நான் ஹமீதா."

கனகபுஷ்பம் அவள் முகத்தைப் பார்த்தார். பதினொரு நாள் சோறூட்டிய முகத்தை அப்போதுதான் முதலில் பார்க்கிறார். விரல்விரலாகக் கையை விட்டார். கன்னத்தை ஒரு தரம் தடவி, "மெலிஞ்சிருக்கியே பிள்ள," என்றார். பிறகு விதிப்படி திரும்பி வாசலுக்குப் போய், அங்கிருந்து மறுபடி தேடி வந்தார். ஒவ்வொரு நாற்காலியாக நின்றார். ஒவ்வொருவர் கையையும் பிடித்தார், பிடித்துக்கொண்டே, நீங்கள் வேதமுத்துவா என்று கேட்டார். சொல்லச் சொல்ல அந்தப் பேர் அவர் வாயில் பழகிக்கொண்டே வந்தது. சீனிராஜ் இல்லை என்றார். மற்றவர்கள் இல்லை என்றார்கள். டீக்கிளாஸோடு வந்த குருவையாவையும் விடவில்லை, அவனும் இல்லை என்றான். என் கையைப் பிடித்துக் கேட்டபோது என் பேரைச் சொன்னேன்.

எல்லோரையும் கேட்டு முடித்து வாசலில் போய் நின்றார். எங்கள் தொழிலில், தேடி வந்தது இல்லை என்று திரும்பி வருவது தப்பில்லை. சரியாகத் தேடினால் அதுவும் முழுப் பதில்தான். கனகபுஷ்பம் நிலைப்படியைப் பிடித்தபடி அந்தப் பதிலை வாங்கிக்கொண்டார்.

"இல்லை," என்றார்.

கேரியரை எடுத்து ஹமீதாவின் மேஜையில் வைத்துவிட்டு, காலையில் காரம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, மோர் ஊற்றிக்கொள் என்று சொல்லிவிட்டு, வெயிலில் இறங்கி வெறுங்கையோடு நடந்து போனார்.

இவ்வளவுதான் நடந்தது. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. யார் சொன்னது என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். வரிசையை மாற்றிக் கொடுத்து அந்தப் பதினொரு நாளையும் உண்டாக்கிய மரியாதைக்காரன் யாரென்று கனகபுஷ்பத்துக்கு இன்றைக்குவரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பார்த்தால், நல்லாயிருக்கீங்களா அண்ணாச்சி என்று இன்னும் கேட்கிறார்.